எரிச்சல் எனக்குத்தான்

"எனக்குத்தாங்க. ஒண்ணுக்குப் போனா எரியுது" என்று கலையரசன் சொல்லி முடித்தபோது, மருந்துக்கடை ராசாங்கம் மட்டுமல்ல, பக்கத்தில் இருமல் மருந்து வாங்க நின்றவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

எரிந்தது அவனுக்கல்ல, மனைவி பானுப்ரியாவுக்கு. பெரம்பலூரில் ஜவுளிக்கடை வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும்; கடையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரும் குடிக்க மாட்டாள். ஆனால் குடியிருக்கும் அரியலூரில், தெரிந்தவன் கடையில் நின்று, பெண்டாட்டியின் அந்த உபாதையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நோயைத் தன் பேரில் ஏற்றிக்கொண்டான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அவனுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

மாத்திரை போட்ட ரெண்டே நாளில் எரிச்சல் நின்றது. பானு மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். அடுத்த மாதம் மறுபடியும் எரிந்தது.

"இன்னும் பவரா குடுங்க."

"குடுக்குறேண்ணே. ஆனா முழுசா போட்டு முடிக்கணும். பாதியில வுட்டா கிருமி உசாராயிடும்."

அதையும் பானு பாதியில் விட்டாள். "வயித்தப் பெரட்டுதுங்க. அதான் சரியாப் போச்சே!"

அதற்குள் சேதி கலையரசனின் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சூப்பிரண்டு சிங்காரவேலு அவன் மேசையைக் கழிப்பறை ஓரமாக நகர்த்தச் சொன்னார்.

"கூச்சப்படாதப்பா. அடிக்கடி போவ வேண்டியிருக்கும்ல."

தினமும் யாராவது வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்து, எதிரே நின்று குடிக்க வைத்தார்கள். குடித்த தோஷம், அவன் உண்மையிலேயே அடிக்கடி போனான்.

அடுத்த தடவை எந்த மாத்திரைக்கும் எரிச்சல் கேட்கவில்லை. ராசாங்கம் கைவிரித்துவிட்டான். கலையரசன் பஸ் ஏறிப் பெரம்பலூர் டாக்டரிடம் போனான். அங்கே அவனைத் தெரிந்தவர் யாருமில்லை, உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஓர் இளம் நர்ஸ் நின்றாள்.

"எனக்குத்தான் சார்."

"ஆம்பளைக்குத் திரும்பத் திரும்ப வந்தா லேசா விடக்கூடாது" என்று டாக்டர் கையுறையை மாட்டினார். "பேன்ட்டை இறக்கிட்டு ஒருக்களிச்சுப் படுங்க."

அந்தச் சோதனையையும் கலையரசன் பானுவுக்காகத் தாங்கிக்கொண்டான். மறுநாள் காலை அவளுடைய சிறுநீரை டப்பாவில் கொண்டுவந்து, தன் பேரில் கொடுத்துவிட்டுப் போனான்.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்று பானுவுக்குக் குளிர் காய்ச்சல். அவளையும் கூட்டிக்கொண்டு போய் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தான். கேட்டவர்களிடம் அவள், "அவருக்குத் துணைக்கு வந்திருக்கேன்" என்றாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் கிருமிக்கு எந்த மாத்திரையும் கேக்காது. ஊசி ஒண்ணுதான் வழி. உடனே ஆரம்பிக்கணும், இல்லேன்னா கிட்னிக்கு ஏறிடும். நர்ஸ், இவர் கையில நரம்பு பாருங்க."

கதவிடுக்கில் பானு முந்தானையைப் போர்த்திக்கொண்டு நடுங்குவது தெரிந்தது. அவளுக்குப் போக வேண்டிய மருந்து இவன் உடம்பில் ஏறப் போகிறது! அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே கலையரசனுக்குப் பயமாக இருந்தது.

"சார்... நோய் எனக்கில்ல. என் பொண்டாட்டிக்கு."

டாக்டர் சற்று நேரம் கையுறைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பானுவை உள்ளே அழைத்துப் பரிசோதித்தார். எல்லாம் விசாரித்தும் அவருக்குக் கணக்கு உதைத்தது.

"ரெண்டு தடவ அரைகுறையாப் போட்டதுக்கு இத்தனை மருந்துமா கேக்காமப் போகும்? நடுவுல வேற ஏதாச்சும் போட்டீங்களாம்மா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்று பானு தரையைப் பார்த்தாள்.

கலையரசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவளா? கடையில போய் வாயத் தொறந்து கேக்கவே கூசுவா சார். நான் வாங்கிக் குடுத்தாத்தான் உண்டு."

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பானுவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, ஊசி மருந்து வாங்கக் கீழே இருந்த மருந்துக்கடைக்கு வந்தான். கவுன்ட்டரில் இருந்த பெண் சீட்டை வாங்கிப் படித்தாள். நிமிர்ந்து பானுவைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போயிற்று.

"என்னக்கா இது, மாசாமாசம் விதவிதமா மாத்திரை வாங்கிட்டுப் போனீங்களே, உங்க வூட்டுக்காரருக்கு இன்னுமா எரிச்சல் நிக்கல?"