வீம்புக்கு ஒரு சீட்

பூகோள வாத்தியார் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் தெரிந்த விமானப் படத்தை உற்றுப் பார்த்தார். அவருக்குப் பதினாலாவது வரிசை. மனைவிக்கு இருபத்து மூன்றாவது வரிசை.

முப்பது வருஷம் எல்லா நாட்டையும் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியவர், ஒரு நாட்டுக்கும் போனதில்லை. இதுதான் முதல் விமானம். மகள் வீட்டுக்குப் போகிற ஒன்பது மணி நேரமும் மனைவி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. கேட்கத்தான் வழியில்லை. டிக்கெட்டைக் காகிதத்தில் எடுப்பதா, போனிலேயே வைத்துக்கொள்வதா என்று காலையில் தொடங்கிய சண்டை, அவர் தங்கை கல்யாணம் வரை பின்னோக்கிப் போய்விட்டது. இப்போது விமான நிலையத்தில் இருவருக்கும் நடுவில் ஒரு பை உட்கார்ந்திருந்தது. முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர்.

பேசாமலே சமாதானமாக ஒரு வழி இருந்தது. மகள் இரண்டு போனிலும் பயண ஆப்பை ஏற்றிவிட்டிருந்தாள். அவரவர் சீட்டை அவரவர் மாற்றிக்கொள்ளலாம். வாத்தியார் இருபத்து மூன்றில் மனைவிக்குப் பக்கத்து சீட்டைத் தொட்டார். 'மாற்றப்பட்டது' என்றது ஆப். மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுபடி பார்த்தால், மனைவி பதினாலில் இருந்தாள்.

"இதென்னடா கூத்து!"

"காகிதமா இருந்தா இப்படிக் கத்த வேண்டியதில்லை," என்றாள் மனைவி, பையைப் பார்த்து.

"சில பேருக்கு விஞ்ஞானம்னாலே ஆகாது," என்றார் அவரும், பையிடமே.

அவசரமாக ஆப்பிலேயே பதினாலுக்கு ஓடினார். அவருடைய பழைய ஜன்னல் சீட்டை யாரோ பிடித்துவிட்டார்கள். காலியாக இருந்த ஒரு நடு சீட்டில் விழுந்து நிமிர்ந்தால், மனைவி இருபத்து மூன்றில்!

எதிரே ஒரு வெளிநாட்டுப் பெண் போனிடமே வாய்விட்டு வழி கேட்டாள். இன்னொரு நாட்டுக் குடும்பம் போனில் இருந்ததையெல்லாம் அச்செடுத்து மார்போடு அணைத்திருந்தது. அவர்களெல்லாம் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இருபத்து மூன்றுக்குப் பாய்ந்தார். மனைவி பதினாலில். கீழே சிவப்பு எழுத்து: 'இனி மாற்ற இயலாது. அலுவலரை அணுகவும்.'

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து கவுண்டருக்குப் போனார்.

"என்னம்மா உங்க ஆப்பு? பொண்டாட்டி புருஷனைப் பிரிச்சு வைக்குது!"

"சீட்டை யார் சார் மாத்தினது?" என்றாள் கவுண்டர் பெண்.

"நான் என் சீட்டை மட்டும்தான் மாத்தினேன். அவங்களை உங்க ஆப்புதான் விரட்டி விரட்டி அடிக்குது. பாவம், அவங்களுக்குப் போன்ல தங்கச்சிகிட்ட பேசறதைத் தவிர ஒண்ணும் தெரியாது."

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் படித்தாள். பைக்குப் பக்கத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனைக் குத்திக்கொண்டிருந்த அம்மாவை எட்டிப் பார்த்தாள். வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சார், நீங்க அம்மா பக்கத்துல உட்கார ஓடுற அதே நிமிஷம், அம்மா உங்க பக்கத்துல உட்கார ஓடி வர்றாங்க. யாராவது ஒருத்தர் கொஞ்சம் சும்மா உட்காருங்களேன்!"