லிஃப்டில் நடந்ததற்குச் சாட்சி

எங்கள் ஊரில் கல்யாணம் நகராட்சிக் கூடத்தில் நடக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார்கள், நாங்கள் கொஞ்சம் அழுவோம், பிறகு சாப்பிடப் போவோம். இரண்டு வருடமாக ஒரு புது மோஸ்தர் வந்திருக்கிறது. எப்படிக் காதலித்தோம் என்று மேடையில் வாசிக்க வேண்டுமாம். மீன் கடையில் பார்த்த பெண்ணைப் பாரிஸ் நகரத்தில் பார்த்ததாக ஒருவன் வாசித்தான். மீன்காரி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

எனவே நகராட்சி, பொதுமக்களின் நலன் கருதி, ஒரு விதி போட்டது. காதல் கதையின் ஒவ்வொரு வரிக்கும் அதை நேரில் கண்ட ஒருவர் கையெழுத்திட வேண்டும். அதன்பிறகே முத்திரை. முத்திரை இல்லையேல் கல்யாணம் இல்லை.

என் மகள் நெவேனாவுக்கும் ரேல்யாவுக்கும் சனிக்கிழமை கல்யாணம். முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்து முந்நூறு சர்மா சுருட்டிவிட்டேன். தள்ளிப்போட வழியே இல்லை. சர்மாவுக்காக மட்டும் சொல்லவில்லை. கல்யாணக் கவுனை வாராவாரம் தையற்காரியிடம் தளர்த்தக் கொடுத்துக்கொண்டிருந்தோம். துணி சுருங்குகிறது என்று சம்பந்தியம்மாள் தேசாங்காவிடம் சொல்லியிருந்தேன். அவளும் அதை நம்புவதாகச் சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் நான்கு வரி எழுதிக்கொண்டு பதிவாளர் கோர்தானாவிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். நான் போகாமல் எந்தக் காரியம் சரியாக நடந்திருக்கிறது?

"போன வருஷம் எங்க குடியிருப்பு லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. உள்ள நாங்க ரெண்டு பேரும் ஒரு மூட்டை குடைமிளகாயும். நாற்பது நிமிஷம் பேசினோம். கதவு திறந்தப்போ வெளிய வர மனசே இல்ல." கோர்தானா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "லிஃப்டுக்குள்ள வேற யாரு இருந்தா?"

"யாரும் இல்ல மேடம்."

"அப்போ இது நடக்கல."

"நடந்துச்சு மேடம், நாங்கதான்..."

"சம்பந்தப்பட்டவங்க சாட்சி சொல்ல முடியாது தம்பி. மிளகாயும் சொல்லாது."

புதன்கிழமை என் சமையலறையில் எல்லோரையும் கூட்டினேன். உதவி செய்வார்கள் என்று நினைத்தேன். உதவி செய்தார்கள்.

"எழுதிக்கோங்க," என்றான் விதோயே. ரேல்யாவின் நண்பன், எங்கள் குடியிருப்பில் ஐந்தாம் மாடிக்காரன், கல்யாணத்துக்கு முதல் சாட்சி. "மிளகாய் கொண்டுவாடான்னு சொன்னதே நான்தான். நான் இல்லன்னா அவன் இன்னும் பிரம்மச்சாரி."

"என் பிள்ளைக்கு மூட்டை தூக்கக் கத்துக் கொடுத்தது யாரு?" என்றாள் தேசாங்கா. "அதையும் போடுங்க சம்பந்தி."

"அன்னிக்கு நெவேனா போட்டிருந்த பாவாடை என்னோடது. இன்னும் திருப்பித் தரல," என்றாள் அவள் தோழி தியானா.

என் கணவர் ஸ்டான்கோ தொண்டையைச் செருமினார். அவர் குடியிருப்புச் சங்கத் தலைவர். "அந்த லிஃப்டை மூணு வருஷமா ரிப்பேர் பண்ணாம வெச்சிருந்தது யாரு? சும்மா நின்னுடுச்சுன்னு நினைச்சீங்களா? அதுக்குப் பின்னால நிர்வாகம் இருக்கு."

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று என் பாலாடைக்கட்டி அடை கருகியதால்தான் நெவேனா தாமதமாகக் கிளம்பினாள். கருகியதற்கு நானே சாட்சி.

கதை இருபத்திரண்டு வரி ஆனது. வரிக்கு வரி கையெழுத்து. நெவேனா மட்டும், "அம்மா, இதுல எங்களக் காணோமே," என்றாள். சும்மா இருடி என்றேன்.

வியாழக்கிழமை கோர்தானா அதைப் படித்து மகிழ்ந்தாள். "அருமையான ஆதாரம். அடை கருகியிருக்கு, பாவாடை போயிருக்கு, லிஃப்ட் நின்னிருக்கு. ஆனா பொண்ணும் மாப்பிள்ளையும் சந்திச்சதா எங்கயும் இல்லையே?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முந்நூறு சர்மா! கவுனில் இனிமேல் பிரிக்கத் தையலே இல்லை!

"அழாதீங்கம்மா. சட்டத்துல இடம் இருக்கு. நாளைக்கு நேரடி ஆய்வு. அவங்க திரும்பச் சந்திக்கட்டும், நாங்க பார்க்கறோம்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நான்கு பேர் ஏறக்கூடிய லிஃப்டில் எட்டுப் பேர் ஏறினோம். ஒரு மூட்டை மிளகாயும் ஏறியது, விதிப்படி. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. ஸ்டான்கோவின் நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை.

"சம்பந்தி, உங்க முழங்கை என் வாய்ல இருக்கு," என்றேன்.

"அங்கயே இருக்கட்டும் சம்பந்தி."

நாற்பது நிமிடம். நாங்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்க, அந்த இரண்டும் மிளகாய் மூட்டையில் நசுங்கியபடி, யாருமே அங்கே இல்லாததுபோல ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. கோர்தானாவுக்கே கண் கலங்கிவிட்டது. கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். விதோயேயின் முதுகையே மேசையாக்கி எழுதினாள்: "மேற்படி இருவரும் அக்டோபர் பதினான்காம் தேதி முற்பகல், மேற்படி லிஃப்டில், முதன்முதலாகச் சந்தித்தனர்." ஆறு பேரும் பெருமையோடு கையெழுத்துப் போட்டோம், அவள் உட்பட.

சனிக்கிழமை கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சர்மா போதவில்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி பேரன் பிறந்தான். மூன்றரைக் கிலோ. பிறப்பைப் பதிவு செய்ய எல்லோரும் கும்பலாகப் போனோம். அவனைப் பற்றி ஆளுக்கொரு பெருமை சொல்ல வேண்டியிருந்ததே. கோர்தானா சிரித்த முகத்தோடு பழைய கோப்பைத் திறந்தாள். விரல்விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"சந்திச்சது அக்டோபர் பதினாலு. குழந்தை மார்ச் ஒன்பது. ஆஸ்பத்திரிச் சீட்டுல முழு மாசம்னு போட்டிருக்கு. அப்போ அப்பாவும் அம்மாவும் சந்திக்கறதுக்கு நாலு மாசம் முன்னாடியே குழந்தை உண்டாகியிருக்கு. இதை எப்படிப் பதிவு பண்றது?"

"நீங்களும்தானே மேடம் கையெழுத்துப் போட்டீங்க?" என்றான் ரேல்யா.

"அதனாலதான் தம்பி மாத்த முடியாது. வேணும்னா சந்திப்புக்கு நாலு மாசம் முன்னாடி நடந்ததை ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. நேர்ல கண்ட ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும்." பேனாவை எங்கள் பக்கம் நீட்டினாள். "யாரு பார்த்தது?"

விதோயே மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தான். தியானா தன் பாவாடையைப் பார்த்தாள். ஸ்டான்கோ லிஃப்டைப் பற்றி ஏதோ முணுமுணுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தேசாங்கா, "கவுன் சுருங்கினதுக்கு நீங்கதானே சாட்சி சம்பந்தி?" என்று என்னை முன்னால் தள்ளினாள். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முறையாக, நான்தான் என்று சொல்ல ஒருவரும் இல்லை.