பந்துக்குப் பூசின சிவப்பு

மேட்சுக்குப் பந்து கொண்டுபோகணும். அன்னைக்கு எனக்கு அவ்வளவுதான் வேலை.

அப்போ நான் பெங்களூர்ல காலேஜ் படிச்சுக்கிட்டிருந்தேன். வீடு தங்கச் சுரங்கம் இருக்கற கோரமண்டல்ல. எங்க காலேஜ் டீமுக்கும் சுரங்கத்து வெள்ளைக்காரங்க டீமுக்கும் பக்கத்து ஊரான ஊரிகத்துல சனிக்கிழமை கிரிக்கெட். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்ததால எனக்கு இடம் கெடைச்சுது.

"நீ முந்தின நாளே ஊருக்குப் போறே இல்ல? பந்தைப் பத்திரமா வச்சிரு. இருக்கறது ஒண்ணுதான்"னான் கேப்டன் சாமுவேல்.

பத்திரமா வச்சிருந்தா போதும். வச்சேனா?

பந்து வெளுத்துப்போயி உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. வெள்ளைக்காரன் பாத்தா இன்னா நினைப்பான்?

அப்போ லீவு நாள்ல, என் சேக்காளி எல்லப்பன்கிட்ட கூத்துக் கிரீடம் செய்யக் கத்துக்கிட்டிருந்தேன். மரத்தைச் செதுக்கறது இன்னும் வரலை. சாயம் பூச வந்துடுச்சு. அதுல எனக்கு ரொம்பக் கர்வம்!

"மச்சான், பந்துக்கு நம்ம சிவப்பைப் பூசலாமா?"

"பூசேன்! அர்ச்சுனன் கிரீடமே விடிய விடிய ஆடறதைத் தாங்குது. பந்து தாங்காதா?"

மூணு தடவை பூசினேன். காலையில தொட்டுப் பாத்தேன், காஞ்சிருந்தது. மேல மட்டும் காஞ்சிருந்ததுன்னு வெயில் ஏறினப்புறம்தான் தெரிஞ்சுது.

மொதல்ல அவங்க பேட்டிங். சாமுவேல் பந்து போட்டான், கையைப் பாத்தான், என்னைப் பாத்தான்.

"இன்னாடா பண்ணே இதை?"

"கொஞ்சம் அழகு பண்ணேன்."

அவன் திட்டறதுக்குள்ள எனக்கு ஒரு கேட்ச் வந்துது. ஜென்மத்துல கேட்ச் பிடிச்சதில்லை நான். பிடிச்சுட்டேன்! பிடிச்சேன்னு சொல்றதைவிட, ஒட்டிக்கிச்சுன்னு சொல்லலாம். எல்லாரும் கை தட்டினாங்க. குஷியில பந்தைத் திருப்பி எறிஞ்சேன். அது கையை விட்டுக் கிளம்பவே யோசிச்சு, என் கால்கிட்டயே விழுந்துது.

ஆனாலும் அவங்க எடுத்தது கம்மிதான். ஜெயிச்சுடலாம்னு நினைச்சோம்.

எங்க பேட்டிங். எங்ககிட்ட கால்ல கட்டற காப்பு கிடையாது, வெள்ளைக் கால்சட்டைதான். ஸ்டம்புக்கு நேரா கால்ல பந்து பட்டா அவுட். வழக்கமா சாமுவேல், "கால்ல இல்லை, மட்டையிலதான் பட்டுச்சு"ன்னு ஒரு மணி நேரம் வாதாடுவான். அன்னைக்கும் ஆரம்பிச்சான்.

அம்பயர் சுரங்க ஆபீஸ்ல கிளார்க்கு, நிதானமான மனுஷன். கிட்ட வந்தார், குனிஞ்சார். சாமுவேல் முழங்கால்ல வட்டமா ஒரு குங்குமப் பொட்டு!

"இது இன்னா தம்பி?"

சாமுவேல் மட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்தான். அடுத்தவனுக்கும் பொட்டு. அதுக்கடுத்தவனுக்கும் பொட்டு. எங்க ஆளுங்க வரிசையா கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி திரும்பினாங்க.

கடைசி ஆள் நான். நாலு ரன் எடுத்தா ஜெயம். பந்து வந்துது, கண்ணை மூடிக்கிட்டு வீசினேன். பின்னாடி நின்னவன் பிடிச்சுட்டுக் கத்தினான்.

"மட்டையில படவே இல்லைங்க! சத்தியமா!"ன்னேன் நான்.

அம்பயர் என் மட்டையை வாங்கித் திருப்பிக் காட்டினார். ஓரத்துல பளபளன்னு சிவப்பு.

திரும்பற ரயிலுக்கு டீமே என்னை விட்டுட்டு முன்னாடி நடந்தது.

ஸ்டேஷனுக்கு வந்த அம்பயர் மட்டும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்: "தம்பி, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நிம்மதியா தீர்ப்பு சொன்னேன். எல்லா மேட்சுக்கும் நீங்களே பந்து கொண்டாங்க!"

என் கைவேலையைப் பாராட்டின ஒரே ஆள் அவர்தான்.