பெரிய கார்டும் சமையலறைச் சுவரும்

“சுவரை இடிக்கலாம். கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா கம்ப்யூட்டர் படத்துல சுத்திப் பாக்காம ஒரு செங்கல்லக்கூடத் தொடக் கூடாது!”

ஜெகதீஸ்வரன் தம் வீட்டில் அதிகாரத்தோடு பேசிய கடைசி வாக்கியம் இது. பேசி முடித்ததும் அவருக்கே மெய்சிலிர்த்தது. மனைவி கோகிலவாணி மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

வழக்கு இதுதான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்று அவர் திருச்செங்கோட்டில் கட்டிய வீடு. சமையலறையும் அவருடைய கம்ப்யூட்டர் அறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சமையலறையில் ஒருவர் தோசை ஊற்றினால் இன்னொருவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். கம்ப்யூட்டர் அறையிலோ நல்ல காற்று, சன்னலில் மலை. அங்கே உட்கார்ந்து ‘நான் யார், எதற்குப் பிறந்தேன்’ என்று யோசிப்பது ஐம்பது வயதுக்கு மேல் அவர் கண்டுபிடித்த சுகம். சுவர் போனால் அறை போகும். அறை போனால் யோசனை போகும். யோசனையும் போய்விட்டால் மிச்சமிருப்பது வெறும் உதிரி பாகம்.

கோகிலவாணி வீடியோ பார்த்து, அவருடைய லேப்டாப்பில் வீட்டு வரைபடம் போடும் மென்பொருளைக் கற்றுக்கொண்டாள். சுவர், கதவு, கறிவேப்பிலைச் செடிவரை வரைந்து முடித்தாள். சுற்றிப் பார்க்க மவுஸை அசைத்தாள். வீடு அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூலை மட்டும் நகர்ந்தது. மீதி வீடு, வீட்டுக்காரரைப் போலவே, யோசித்துக்கொண்டு நின்றது.

காரணம் ஜெகதீஸ்வரனுக்குத் தெரியும். அந்த லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு, தமிழில் சொன்னால் வரைகலை அட்டை. சின்னது அன்றாட வேலைக்கு. பெரியது கனமான படங்களுக்கு. ரிக் தொழிலில் துளை போட ஒரு லாரி, கம்பியும் சோற்றுப் பானையும் சுமக்க ஒரு லாரி என்று ஜோடியாகப் போகுமே, அது மாதிரி. ஆனால் அவர் அதில் போட்டு வைத்திருந்தது பெங்குவின் சின்னம் கொண்ட லினக்ஸ். கட்டற்ற மென்பொருள், எவன் பூட்டும் இல்லாதது. அதன் பெருமையைக் கல்யாணப் பந்திகளில் பேசியே பக்கத்து இலைக்காரர்களை ரசத்தோடு எழ வைத்தவர் அவர். அந்த லினக்ஸில் சின்னக் கார்டு மட்டும் உழைத்தது. பெரியது, அதை இயக்கும் ‘டிரைவர்’ என்ற மென்பொருள் ஓடாமல், தூங்கியது.

“டிரைவர் சரியில்ல கோகிலா. பாத்துக்கிட்டிருக்கேன்.”

“டிரைவர் இல்லாத லாரிய வாங்கி ஊட்டுக்குள்ள நிறுத்தி வெச்சிருக்கறீங்களாக்கும்.”

சித்திரையில் பார்க்கத் தொடங்கியவர் ஐப்பசியிலும் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது, பார்க்கவே இல்லை. தூங்குகிற கார்டை எழுப்புவானேன்? அது தூங்கும்வரை சுவர் நிற்கும்.

ஒரு வியாழக்கிழமை, கீரை ஆய்ந்துகொண்டே கோகிலவாணி சொன்னாள்:

“ஏனுங்க, ஞாயித்துக்கெழமை காளியண்ணன் அண்ணன் வருதுங்க.”

“வரட்டும்.”

“கொத்தனாரு கந்தப்பனையும் கூட்டியாருதாம்.”

“படம் பாக்காம...”

“அதுக்குத்தானுங்க, கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருத்தரும் வாராராம். உங்க பெங்குவினத் தூக்கிக் கடாசிப்போட்டு, ஊரே வெச்சிருக்கற மாதிரி ஒண்ணப் போட்டுக் குடுத்துருவாராம். ‘மாப்ளையும் எத்தன நாளைக்குத்தான் மல்லுக்கட்டுவாரு, பாவம், அவரால முடியல’ன்னு அண்ணன் வருத்தப்பட்டுச்சு.”

ஜெகதீஸ்வரன் துள்ளி எழுந்தார். ‘பாவம்’! அதுவும் மச்சான் வாயால்!

“முடியலயா? எனக்கா? ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெண்டு கார்டும் ஓடும்! எழுதி வெச்சுக்க!”

“செரிங்க” என்றாள் அவள், கீரையைப் பார்த்தபடி.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது. கார்டு ஓடினால் வீடு சுற்றும். வீடு சுற்றினால் சுவர் விழும். ஓடாவிட்டால் லினக்ஸ் விழும், மானமும் விழும். எதை விட? மனிதன் என்பவன் யார்? அவனுடைய அறையா, அவனுடைய வாயா?

வாய்தான் என்று முடிவு செய்து வேலையைத் தொடங்கினார்.

முதலில் திரை கறுத்தது. பிறகு வெளுத்தது. பிறகு லேப்டாப்பின் உள்விசிறி ரிக் வண்டியின் கம்ப்ரசர் மாதிரி அலறியது. கதவுக்கு வெளியிலிருந்து கோகிலவாணியின் குரல் வந்தது.

“எத்தன அடி போயிருக்குதுங்க?”

“தொந்தரவு பண்ணாத!”

“தண்ணி வந்துச்சுங்களா, இன்னும் பொகைதான் வருதுங்களா?”

வெள்ளிக்கிழமை முழுவதும் புகைதான். சனிக்கிழமை மத்தியானம் பாறை உடைந்தது. எப்போதோ ஒருநாள் திரை கறுத்துப்போன கோபத்தில், பெரிய கார்டின் டிரைவரை உள்ளே சேர்க்காதே என்று கணினிக்கு அவரே கட்டளை போட்டிருந்தார். போட்டதை மறந்தும் போயிருந்தார். அந்த ஒரு வரியை அழித்தார். கணினியை நிறுத்தித் துவக்கினார். பெரிய கார்டு கண்விழித்தது! திரையில் சோதனைக்காக விட்ட பல்சக்கரங்கள் பம்பரமாய்ச் சுழன்றன. ஜெகதீஸ்வரனும் சுழன்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஆடிய ஆட்டத்தில் அலமாரியிலிருந்த பேரிங் ஒன்று உருண்டு கதவிடுக்கு வழியே சமையலறைக்கே போய்விட்டது.

அதைவிடப் பெரிய சந்தோஷம் அடுத்து வந்தது. பெரிய கார்டு தானாக எந்த வேலைக்கும் போகாது. கணினிக்குக் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலில், மென்பொருளின் பெயருக்கு முன்னால் ஒரு மந்திரச் சொல்லைத் தட்டி அழைத்தால் மட்டுமே வரும். அழைக்காவிட்டால் எல்லா வேலையும் சின்னக் கார்டின் தலையில்தான். அந்த மந்திரம் இந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

அவர் மூளை மளமளவென்று ஓடியது. மச்சான் முன்னால் மந்திரம் போட்டுச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டியது, மானம் மிச்சம். பிறகு கோகிலாவின் வீட்டை மந்திரம் போடாமல் திறக்க வேண்டியது, அது நகராது, அறையும் மிச்சம். இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டா இத்தனை காலம் பேரிங் விற்றோம் என்று அவருக்குத் தம்மேலேயே பச்சாதாபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காளியண்ணன் வந்தார். பின்னால் டேப்பும் கையுமாகக் கொத்தனார் கந்தப்பன்.

“வாங்க மச்சான். எங்கீங்க, கம்ப்யூட்டர் கடைக்காரர்?”

“எந்தக் கடைக்காரருங்க மாப்ள?” என்று காளியண்ணன் விழித்தார்.

“காப்பி ஆறுதுங்க” என்றாள் கோகிலவாணி.

ஜெகதீஸ்வரன் அதைக் கவனிக்கவில்லை. வித்தை காட்டும் அவசரம். மந்திரத்தைத் தட்டினார். சக்கரங்கள் சுழன்றன.

“பாருங்க மச்சான், பெரிய கார்டு! காசு குடுத்து வாங்காத, எவனும் பூட்டுப் போடாத மென்பொருள்ல!”

“அடேங்கப்பா! சொன்ன மாதிரியே செஞ்சுபோட்டீங்களே மாப்ள!”

அடுத்து வீட்டுப் படத்தைத் திறந்தார். மவுஸை இழுத்தார். ஒரு மூலை நகர்ந்தது. மீதி நின்றது. ஜெகதீஸ்வரன் நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

“என்ன பண்றதுங்க. கார்டு ரெண்டும் ஓடுது. கோகிலா வரைஞ்சதுதான் கனமாப் போச்சு. பாவம், அவளும் எத்தன நாளாக் கஷ்டப்பட்டா...”

“சித்த நவுருங்க.”

கோகிலவாணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படத்தை மூடினாள். மென்பொருளின் சின்னத்தின்மேல் மவுஸின் வலதுபக்கத்தை அமுக்கினாள். ஒரு மெனு விரிந்தது.

ஜெகதீஸ்வரன் இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தை அமுக்கியதே இல்லை. கறுப்பு ஜன்னலில் தட்டச்சு செய்பவனே ஆண்பிள்ளை என்பது அவர் கட்சி. அதோடு, தாய்மொழிப் பற்றில் கணினியின் மெனு முழுவதையும் தமிழுக்கு மாற்றி வைத்தவரும் அவரே. அந்தத் தமிழை அவள் நிறுத்தி நிதானமாக வாசித்தாள்:

“தனி வரைகலை அட்டையைக் கொண்டு துவக்கு.”

துவக்கினாள். வீடு பம்பரமாகச் சுற்றியது.

“இ... இது எப்ப உனக்குத் தெரியும்?”

“நேத்துத்தானுங்க. நீங்க குதிச்ச குதியில பேரிங்கு அடுப்படிக்கு வந்துச்சு. செரி, கார்டு எந்திரிச்சிருச்சாட்டம் இருக்குதுன்னு, நீங்க குளிக்கப் போனப்ப எல்லாத்தயும் அமுக்கிப் பாத்தேன். அதுவரைக்கும் இல்லாத வரி ஒண்ணு புதுசா வந்திருந்துச்சுங்க.”

காளியண்ணன் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். “மாப்ள! உங்க லினக்ஸு லேசுப்பட்டதில்லீங்க! என்ன வேகம்!”

புகழ் தலைக்கு ஏறினால் ஜெகதீஸ்வரனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். “பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று மவுஸைப் பிடுங்கித் தாமே படத்து வீட்டுக்குள் புகுந்தார். வெயில் சாய்வாக விழுந்தது. பாத்திரங்கள் மின்னின. “கந்தப்பா, இந்த மேடையப் பாரு, கல்லு பளபளங்குது! ஆகா, இந்தச் சன்னல்! மலை எப்படித் தெரியுது! இப்படி ஒரு எடத்துல உக்காந்து யோசிச்சா...”

“அது உங்க ரூமுதானுங்க. மிக்சி வெக்கற எடம்” என்றாள் கோகிலவாணி.

கந்தப்பன் டேப்பை நீட்டிச் சுவரை அளக்கத் தொடங்கியிருந்தார்.

“அப்ப நான் எங்க உக்கார்றது?”

அவள் வீட்டை ஒரே இழுப்பில் பின்பக்கம் திருப்பினாள். மோட்டார் கொட்டகைக்குள், பம்புக்கும் தவிட்டு மூட்டைக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெரிய கார்டு அதன் நிழலைக்கூடத் துல்லியமாகக் காட்டியது.