விட்பியில் உள்ள என் மனைவியைத் திருப்பி அனுப்புவது பற்றி

அஜின்கோர்ட், ஸ்காபரோ.
செப்டெம்பர் 1996

பெருமதிப்புக்குரிய மச்சான் பத்மநாதன் அவர்களுக்கு,

இங்கு நான் சுகம். சோறு மட்டும் நாளும் குழைந்துபோகிறது, அதன் காரணம் கீழே வரும். விட்பியில் நீங்களும், உங்கள் மனைவி சந்திரவதனாவும், புது வீடும், புது வீட்டுக் கராஜில் நிற்கும் புதுக் காரும், நான் இன்னும் வந்து மிதிக்காத உங்கள் புல்லும் ஒரு குறையுமில்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். உங்கள் தங்கையும் என் மனைவியுமான குணவதி உங்கள் பேஸ்மென்றில் சுகமாக இருக்கிறா என்று ரெலிபோனில் அறிகிறேன். அவ அங்கே சுகமாக இருக்கிறதுதான் என்னுடைய பிரச்சினை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவவைத் திருப்பி அனுப்பிவிடும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். லைட் வருகிறது, மச்சான்! நீங்கள் சிரித்த அதே றோட்டுச் சிக்னல் லைட்தான்.

பெப்ரவரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும், என்றாலும் கடிதம் என்றால் முதலில் இருந்துதான் தொடங்கவேண்டும். எங்கள் அபார்ட்மெண்ட் றோட்டுக்கு இந்தப் பக்கம். தமிழ்க் கடை, பஸ் தரிப்பு, குணவதி ஆங்கிலம் படிக்கப் போன வகுப்பு எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் ஆறு லேன். லைட் இருக்கிற சந்தியைச் சுற்றி வருவதென்றால் குளிருக்குள் காது கழன்று விழுந்துவிடும், அதனால் கட்டடம் முழுக்க நடு றோட்டாலேதான் கடக்கிறது. அன்றைக்கு ஒரு கார் வழுக்கிக்கொண்டு வந்து அவவின் கையிலிருந்த பையை மட்டும் இழுத்துக்கொண்டு போனது. கத்தரிக்காய் ஆறு லேனிலும் உருண்டது. அவ பனிக் குவியலுக்குள் விழுந்து எழும்பாமல் கிடந்தா. நான் பன்னிரண்டாம் மாடிப் பல்கனியில் இருந்து பார்த்துக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்ய, அங்கிருந்து குதிக்கவா ஏலும்? லிஃப்ற் வர முந்தி எனக்கு உயிர் போய் வந்தது. ஒரு காயமும் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு அவவால் அந்த றோட்டைப் பார்க்கவே ஏலவில்லை, யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு இருந்தா. நீங்கள் அன்று பின்னேரமே காரில் வந்து இறங்கி, ஒரு தேத்தண்ணியும் குடிக்காமல், "உந்த றோட்டுக்கு ஒரு லைட் வரட்டும், அப்ப என்ர தங்கச்சியை அனுப்புறன். இல்லாட்டி நீரும் விட்பிக்கு வாரும்" என்று சிரித்துக்கொண்டு அவவைக் காரில் ஏற்றினீர்கள். "நான் விட்பிக்கு வந்தால் என்ர பேர் இராஜரட்ணம் இல்லை" என்று நானும் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். கார் இல்லாமல் ஒரு பாண் வாங்கவும் ஏலாத ஊரில் எனக்கு என்ன வேலை? கொடியைக் காட்டி ரயிலையே நிறுத்தி வைத்த ஸ்ரேசன் மாஸ்டர் நான், இன்னொருவர் காரின் பின் சீற்றில் பார்சல் மாதிரிக் குந்தியிருக்க என்னால் முடியாது.

லைட் யார் தருவார் என்று விசாரித்தேன். குழாய் வேலை செய்கிற மஃரூப், நாலாம் மாடிக்காரர், கொழும்பு ஆள், "மாஸ்டர், கவுன்சிலரெப் புடிங்க" என்றார். எங்கள் பகுதிக் கவுன்சிலர் மிஸிஸ் கெனலி. அயர்லாந்தில் பிறந்து சின்ன வயசில் இங்கே வந்தவ, சனிக்கிழமைகளில் நூல்நிலையத்தில் இருந்து ஆக்களின் குறை கேட்கிறவ, ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம். பெரிய இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு மாலை, மஃரூப், நான். மாலையைப் போட்டேன். மனிசி திகைத்துப் போனாலும் கழற்றவில்லை. எடுத்தவுடனே எனக்கு இது வேணும் என்று கேட்கிறது மரியாதையோ, மச்சான்? நீங்களும் அப்படி வளர்ந்தவர் இல்லை. நான் முதலில் அவவின் சுகம் விசாரித்தேன், பிறகு பிள்ளைகள், பிறகு காலநிலை, பிறகு எங்கள் குடும்பம் எந்த ஊர், என்ன உத்தியோகம், ரயில் பாதை எந்த ஆண்டோடு நின்றுபோனது, கனடா எங்களுக்குச் செய்த நன்மைகள், இப்படி ஒழுங்காக வந்து இனி லைட்டைத் தொடலாம் என்று தொண்டையைச் செருமுகிறேன், மனிசி எழும்பிக் கை தந்து, "இவ்வளவு அன்பாக என்னை ஒருவரும் வந்து பார்த்ததில்லை" என்று நன்றி சொல்லி, வெளியில் இருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டா. வாழைப்பழத்தையும் சட்டப்படி வாங்கக்கூடாது என்று திருப்பித் தந்தா. பஸ்சில் அதை உரித்துத் தின்றுகொண்டு மஃரூப் சொன்னார்: "மாஸ்டர், அடுத்த முறை நீங்க வாயெத் தொறக்க வாணாம்."

அடுத்த சனி அவரே ஒரே மூச்சில் சொல்லி முடித்தார், நான் மூலையில் ஊமை மாதிரி இருந்தேன். மிஸிஸ் கெனலி அடுத்த நாளே வந்து பார்த்தா. ஞாயிற்றுக்கிழமை, மழை வேறு. குடையும் இல்லாமல் றோட்டோரத்தில் நின்று கார்கள் போகிற வேகத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தா. லைட் போடுவதென்றால் அந்த இடத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டுமாம், அதுதான் ஒழுங்காம், ஆள் தொகை காணாவிட்டால் நகரசபையில் தீர்மானம் நிற்காதாம். ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது, இயல்பாகக் கடக்கவேண்டும் என்றும் சொன்னா. நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

எண்ணுகிற மனிசன் ஒரு செவ்வாய் காலமை வந்தார். வெள்ளைக் கார். கண்ணாடியை இறக்கிவிட்டு, மடியில் ஒரு மட்டையும் பேனையும் வைத்துக்கொண்டு, எங்கள் கட்டட வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஐயோ மச்சான், அன்றைக்கு ஒரு காகம் கூட அந்த றோட்டைக் கடக்கவில்லை! நாளுக்கு நாலு தரம் குறுக்கே ஓடுகிற எங்கள் கட்டடத்து அன்ரனெற் அன்ரி, வாசலுக்கு வந்தவ, காரைக் கண்டவ, குருசு போட்டுக்கொண்டு திரும்பி, அவ்வளவு தூரச் சந்திக்கு நடந்து போய்ப் பச்சை லைட்டில் கடந்து, இரண்டு கையிலும் பையோடு அதே மாதிரிச் சுற்றி வந்து, அந்த மனிசனுக்கு ஒரு சிரிப்பும் காட்டிவிட்டுப் போனா. வேலைக்குப் போகிறவர்கள் பின்பக்க வேலிக்குள்ளால் போனார்கள். "மாஸ்ரர், வெளிக்கிடாதேங்கோ, கீழ ஒருத்தன் இருந்து எழுதுறான்" என்று என் கதவிலும் தட்டிச் சொன்னார்கள். கட்டடத்தில் அரைவாசிப் பேருக்கு அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. எழுதுகிறவன் முன்னால் யார் போவார்? என்னாலும் பொறுக்க முடியவில்லை, இறங்கி ஓடி நான் ஒருவனே கடந்தேன், திரும்பினேன், கடந்தேன், திரும்பினேன், கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்துத் தூஷணம் சொன்னார்கள். இரண்டு கிழமையால் வந்த அறிக்கையில், இந்த இடத்தைப் பாவிப்பவர் ஒரு முதிய கனவான், அவருக்கு வழி தெரியாது போலிருக்கிறது, உதவி தேவைப்படலாம் என்று எழுதியிருந்தது.

நான் அதைத் தூக்கிக்கொண்டு நூல்நிலையத்துக்குப் போய், சுகம் விசாரிக்காமல், கத்தினேன். "அம்மா, எங்கட நாட்டில ஒருத்தன் வாகனத்துக்குள்ள இருந்து பார்த்து எழுதினால் அதால ஒருத்தரும் போறேல்லை. போனவை திரும்பி வாறேல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மிஸிஸ் கெனலி அறிக்கையை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தா. பிறகு சொன்னா: "என் தகப்பனும் அப்படித்தான். அயர்லாந்தில் எல்லைப் பக்கம் ஒரு சிப்பாய் நின்று எழுதினால் வயலுக்குள்ளால் சுற்றித்தான் எங்களைப் பள்ளிக்குக் கூட்டிப் போவார். எனக்கு இது முதலே தெரிந்திருக்க வேண்டும்." அன்றைக்குத்தான் மச்சான், லைட் வரும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

மனிசி அடுத்த கிழமை எங்கள் கட்டடத்து உடுப்புத் தோய்க்கிற அறைக்கே வந்துவிட்டா. எண்ணுகிற மனிசனையும் கையோடு கூட்டி வந்து, பேர் சொல்லி ஒவ்வொருவருக்கும் அறிமுகப்படுத்தினா. இவர் பொலிஸ் இல்லை, குடிவரவும் இல்லை, தலையைத்தான் எண்ணுவார், முகத்தை எழுதமாட்டார் என்று அவ சொல்ல, நான் தமிழில் சொன்னேன். மனிசன் அன்ரனெற் அன்ரியின் மட்டன் றோல்ஸ் மூன்று சாப்பிட்டார். அதோடு பயம் போய்விட்டது. ஆனால் எங்கட சனத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பயம் போனால் உற்சாகம் வந்துவிடும். இரண்டாம் முறை எண்ண வந்த காலமை பார்க்கிறேன், தேர்த்திருவிழா! பட்டுச் சேலை, வேட்டி, குழந்தை வண்டில், பக்கத்து ஊர் றிச்மண்ட் ஹில்லில் இருந்து வேறு இரண்டு வான் நிறைய ஆக்கள். எல்லாரும் கடக்கினம், எல்லாரும் திரும்பி வருகினம். றோட்டின் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது, நான் சிவப்புத் துவாயை எடுத்து ஆட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறேன், ரிட்டயர் பண்ணிய பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை. எண்ணுகிற மனிசன் ஓடிவந்து, "அந்த ஊதாக் கோட்டு அம்மா எத்தனையாவது தரம் போகிறா?" என்று கேட்டார். அன்ரனெற் அன்ரியிடம் கேட்டேன். "கடையில உப்பு மறந்துபோனன்" என்றா. "முதல் தரமும் உப்புத்தானே வாங்கினீங்கள்?" "அதையும் மறந்துபோனன்" என்றா. மிஸிஸ் கெனலி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, வெளியூரில் இருந்து வந்தவர்களைக் கழித்து, இந்தக் கட்டடத்து ஆட்களை மட்டும் ஆளுக்கு ஒரு தரம் எண்ணச் சொன்னா. அப்படி எண்ணியும் லைட் போட ஆள் தொகை காணும் என்று வந்தது.

பிறகு சபைக் கூட்டம். அங்கே ஒரு கவுன்சிலர், லைட் போட்டால் கார்கள் தாமதமாகும் என்று எழும்பிவிட்டார். ஊர்க்காரர் ஒருவர் பேசலாம் என்றார்கள். மஃரூப் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நான் உதறிவிட்டு எழும்பினேன். முன்னுரையாகச் சொல்ல எவ்வளவோ எழுதி வைத்திருந்தேன், மச்சான், ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. "ஐயா, என் மனைவி விட்பியில் இருக்கிறா. இந்த றோட்டுக்குப் பயந்துதான் போனா. எனக்கு அவ வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். எழும்பி எதிர்த்தவரும் பிறகு கையை உயர்த்தினார். தீர்மானம் நிறைவேறியது.

இப்போது றோட்டின் இரண்டு கரையிலும் தூணுக்குக் கிடங்கு வெட்டிவிட்டார்கள். நான் தினமும் போய்க் கிடங்கை எட்டிப் பார்க்கிறேன், அதுதான் அடுப்பில் சோறு குழைகிறது. ஆகவே மச்சான், சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். இத்தனை மாதமாக ரெலிபோனில் அவ "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்கிறா, "ஓம்" என்கிறேன், வைத்துவிடுகிறா, அதற்குமேல் ஒரு சொல் இல்லை. இந்த வீட்டில் எனக்கு இருக்க ஏலவில்லை. ஞாயிறு மத்தியானம் கொண்டுவந்து விடுங்கள். விட்பிக்கு நான் வந்து கூட்டிப்போவேன் என்று கனவிலும் நினைக்கவேண்டாம்.

உங்கள் குடும்பத்துக்கு எல்லாச் செல்வமும் பெருகட்டும், கராஜுக்குப் பனி ஏறாதிருக்கட்டும், சந்திரவதனாவின் முழங்கால் வலி குறையட்டும் என்று வாழ்த்தும்,

சொல் தவறாத,
இராஜரட்ணம்

பி.கு.: முத்திரை ஒட்டி வைத்த கடிதத்தை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். குணவதி இப்போதுதான் ரெலிபோன் எடுத்தா. உங்கள் வீட்டில் இருந்து ரயில் ஸ்ரேசனுக்கு நடக்க ஒரு நடைபாதையும் இல்லையாமே? அதைப் பற்றி என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமல் அவ தனியாக அந்த ஊர்க் கவுன்சிலரிடம் போனாவாம், வாழைப்பழம் இல்லாமல், உள்ளே போனவுடனேயே விஷயத்தைச் சொன்னாவாம். வருகிற சனிக்கிழமை அங்கே எண்ண வருகினமாம். உங்கள் பகுதியில் எல்லாரும் காரில் திரிகிறதால் நடக்கிற ஆட்கள் குறைவாம். "எனக்கு ஞாயிற்றுக்கிழமை வர ஏலாது, இஞ்ச வேலை கிடக்கு. உங்கட லைட் எங்கையும் ஓடிப்போகாது. ஆக்களையும் கூட்டிக்கொண்டு நீங்கள் இஞ்ச வாங்கோ" என்றா. பெப்ரவரிக்குப் பிறகு, மச்சான், அவ வாயால் எனக்கு "வாங்கோ" என்று சொன்னது இதுதான் முதல்.

வெள்ளி இரவே இரண்டு வானில் வருகிறோம். பின் சீற்றில்தான் எனக்கு இடம் கிடைத்தது, பரவாயில்லை. அன்ரனெற் அன்ரி ஊதாக் கோட்டைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டா. கனபேர் வருகிறோம், சந்திரவதனாவிடம் சோற்றைக் குழையவிடாமல் அவிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு, இனிப் பேர் இல்லாத,
உங்கள் மச்சான்