மாப்பிள்ளை அடித்த மருந்தும் வெள்ளைச் சீட்டு மரங்களும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தோட்டத்து ஆரஞ்சு மரங்கள் இருபதின் நலத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. மூன்று வருடமாக அதுகளுக்கு வைத்தியர் நீங்கள்தானே.

வியாழக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் நின்று நீங்கள் பதில் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் டாக்டர் பட்டம், இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பும் குப்பை என்று மகள் போனில் அழுதாள். பத்து மரத்தில் சிவப்புச் சீட்டைக் கட்டி வளர்ச்சி ஊக்கி மருந்து அடித்தீர்கள், மீதிப் பத்தில் வெள்ளைச் சீட்டைக் கட்டி வெறும் தண்ணீரை அடித்தீர்கள். "மருந்து வாங்கின மரம் காயை உதிர்க்காது மாமா, அத்தனை காயும் சேர்ந்து இலையில இருக்கிற மாவுச்சத்தை உறிஞ்சிடும், வெள்ளைச் சீட்டு மரத்துல அது அப்படியே இருக்கும், அந்த வித்தியாசம்தான் என் ஆராய்ச்சியே"ன்னு சொன்னீங்க. நானும் பெரிய மனுஷனாட்டம் தலையாட்டினேன். அப்புறம் சனிக்கிழமை தவறாமல் வந்து பை பையாக இலை பறித்தீர்கள். "உங்க மாப்பிள்ளை ஆடு வளர்க்கிறாரா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார், அதையும் பொறுத்துக்கொண்டேன். உங்கள் ஆய்வுக்கூடத்து அடுப்பு பழுது என்று அத்தையின் பால் பாத்திரத்தில் ஸ்பிரிட்டை ஊற்றி இலையைச் சுடவைத்தீர்கள். அயோடினைச் சொட்டினால் மாவுச்சத்து உள்ள இலை கறுக்குமாம். இலை கறுத்ததோ இல்லையோ, சமையல் மேடை கறுத்துவிட்டது. அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நல்ல சேதி வந்தால் அவளுக்கு நீங்கள் "என் மாப்பிள்ளை", கறை பட்டால் "உங்க மாப்பிள்ளை".

இத்தனையும் செய்து கடைசியில் என்ன கண்டோம்? முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராகக் கடைகளில் கள்ளத் தராசுகளைப் பிடித்தவன் நான், என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. இந்த வருடக் காயை மரம் மரமாக நிறுத்தேன். சிவப்புச் சீட்டுக்கும் வெள்ளைச் சீட்டுக்கும் ஒரு கிலோ வித்தியாசம் இல்லை. உங்களைப் போலவே இலைகளை ஸ்பிரிட்டில் சுடவைத்து, நீங்கள் வைத்துவிட்டுப்போன அயோடினை நானே விட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடக் கறுக்கவில்லை, இருபதும் ஒரே வெளிறல். தண்ணீர் குடித்ததும் மருந்து குடித்ததும் ஒரே மாதிரி என்றால் அந்த மருந்துக்குப் பேர் என்னங்க? தண்ணீர்தானே!

தப்பு உங்கள் மேல் இல்லை. மருந்தைக் கொடுத்த உங்கள் பேராசிரியர் மேல்தான். மூன்று வருடத்தில் அந்தப் பெரியவர் தோட்டத்தை மிதித்தது ஒரே ஒரு தடவை. மரத்தைத் தொட்டபடி போட்டோ எடுத்துக்கொண்டார், ஆறு பழத்தை உரித்துத் தின்றார், ஒரு பையில் நிரப்பிக்கொண்டார், "இயற்கை எவ்வளவு அற்புதம்!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். இப்போது வித்தியாசம் வராமல் நீங்கள் மாட்டிக்கொண்டதும், பையனுக்குக் கவனம் போதாது என்கிறாராம். விடுவேனா? அவர் கொடுத்தது போலி மருந்து, விசாரணை வேண்டும் என்று உங்கள் ஆராய்ச்சி நிறுவனத் தலைவருக்கு இன்று காலை பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். நீங்கள் தைரியமாகப் போய் நில்லுங்கள்.

எடுத்த காரியம் ஜெயமாக அத்தையின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அத்தை இதைப் படித்துவிட்டு, "முக்கியமானதை எழுதாம விட்டுட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அது ஒன்றுமில்லை. நீங்கள் மருந்தடித்துவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் டப்பாவில் மீதி இருக்கும். ஒரே தோட்டத்தில் பத்துக்கு மருந்து, பத்துக்குப் பச்சைத் தண்ணீர் என்றால் எனக்கு மனசு கேட்குமா? வெள்ளைச் சீட்டு மரங்களுக்கும் அளவு குறையாமல் நான்தான் அடித்துவிட்டேன். மூன்று வருடமும். அப்படியானால் மருந்து நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது போலிருக்கிறதே, மாப்பிள்ளை? தபாலாபீசுக்கு ஓடினேன், பதிவுத் தபால் போய்விட்டது. வியாழக்கிழமை நானே வந்து அத்தனை பேராசிரியர்கள் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். என் மகளிடம் மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.