சேர் வால்டருக்கு ஒரு பூசை

கோயிலை ஒட்டி வளர்ந்தவனைப் போலக் கோயிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் உலகத்தில் கிடையாது. (ஆதாரம் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.) என் தகப்பனார் மன்னாரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மூப்பர். கோயில் பூட்டின் திறப்பு எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். அந்த ஆணிக்குக் கீழே படுத்து எழும்பிய ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, எல்லாக் கோயிலும் எனக்கு அத்துப்படி என்ற நினைப்போடு இத்தாலியில், பலெர்மோவில் வந்து இறங்கியவன் நான்.

அப்போது எனக்குக் கலியாணம் முடிந்திருந்தது. மனைவி றெஜினா ஊரில் இருந்தாள். அவளை இங்கே கூப்பிடுவதென்றால் எனக்கு ஒழுங்கான வேலை ஒப்பந்தம், அதாவது கொன்றாத்தோ, கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் விசா கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் நம்முடைய முகத்தையே நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். தொலைபேசியில் றெஜினா "சாப்பிட்டீங்களோ" என்று கேட்பதையே விட்டுவிட்டாள். "கொன்றாத்தோ கிடைச்சிட்டுதோ" என்றுதான் தொடங்குவாள்.

அந்த நேரத்தில்தான் மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் தனியாக இருந்த ஓர் ஆங்கிலேயக் கிழவர் வீட்டில் வேலை கிடைத்தது. சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைப் புரொபசோரே என்பார்கள். கோடை முடியும்வரை வேலையைப் பார்ப்பேன், பிடித்தால் கொன்றாத்தோவில் கையெழுத்து வைப்பேன் என்றார்.

முதல் நாளே மேசையில் இருந்த ஒரு மரக் கோயிலைக் காட்டினார். அவர் பிறந்த கிராமத்துக் கோயிலின் மாதிரியாம். கூரையைக் கழற்றி உள்ளே பார்க்கலாம். வாசலின் அரைவட்ட வளைவு நோர்மன்காரர் கட்டியது, பலெர்மோவைப் பிடித்ததும் அதே கூட்டம்தான் என்றார். கூர் நுனி யன்னல்கள் அதற்குப் பிறகாம். கோபுரம் இன்னும் பிறகு, கம்பளி வியாபாரத்தில் காசு புரண்ட காலத்திலாம். சுவர் முழுக்கச் சித்திரங்கள் இருந்தனவாம். இங்கிலாந்து ராசா கத்தோலிக்கத்தை விட்டு மதத்தை மாற்றியதும் சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டார்களாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றையும் கேட்கவில்லை. இங்கே மொன்றியாலேப் பேராலயத்தில் சுவர் முழுக்கப் பொன் மினுங்குகிறது, இந்த ஆட்டுக் கொட்டிலுக்கு இவ்வளவு கதையா என்று மனதுக்குள் ஒரே நக்கல். (மூப்பரின் மகன் அல்லவா.)

பக்கத்து அறையில் இன்னொருவர் படுத்திருந்தார். அந்தக் கிராமத்துக் கோயிலில் இருக்கும் கற்சிலையின் மேல் அச்செடுத்து, வெள்ளைச் சாந்தில் வார்த்த ஆள் உயரச் சுரூபம். கவச உடை, நெஞ்சில் கூப்பிய கை, காலடியில் ஒரு நாய். மலைக்கு மேலே குகையில் பலெர்மோவைக் காக்கிற எங்கள் சந்தா ரொசாலியா எப்படிப் படுத்திருக்கிறா? ஊரில் பெரிய வெள்ளியன்று ஆண்டவரை எப்படிக் கிடத்துவோம்? படுத்திருக்கிற சுரூபம் என்றால் சாதாரண ஆள் இல்லை என்பது எந்தத் தமிழ்க் கத்தோலிக்கனுக்கும் தெரியும். காலடியில் சேர் வால்டர் என்று வெட்டியிருந்தது. அப்படி ஒரு புனிதரை நான் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படாத புனிதரிடம் கூட்டம் இராது, மன்றாட்டு கெதியில் முடியும் என்று கணக்குப் போட்டேன். குவெஸ்தூரா வரிசையில் நின்று நின்று வந்த புத்தி.

புரொபசோரே காலையில் கடற்கரைக்கு நடக்கப் போவார். அவர் தலை மறைந்ததும் ஒரு கண்ணாடிக் குவளையில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி கொளுத்துவேன். அந்த எண்ணெயைத் தொட்டு சுரூபத்தின் பாதத்திலும் என் நெற்றியிலும் பூசிக்கொண்டு முழந்தாளில் நிற்பேன். "கொன்றாத்தோவை வாங்கித் தாரும். வருசா வருசம் உம்மடை பேரிலை பூசை ஒப்புக்கொடுக்கிறன்" என்று நேர்ந்தும் விட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பிலோமினா அக்காவிடம், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ என்று கேட்டுக்கொண்டு விசயத்தைச் சொன்னேன். அவ எங்கள் செபமாலைக் கூட்டத்தின் தலைவி. (பலெர்மோத் தமிழருக்கு ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.)

கோடை முடிகிற ஒரு சனிக்கிழமை புரொபசோரே வீட்டில் கூட்டம் வைத்தார். அவருடைய கிராமத்துக் கோயிலைப் பற்றிப் பேச்சு. ஆங்கிலேயரும் இத்தாலியருமாகக் கதிரை நிறைந்த கனவான்கள். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். அவர் நோர்மன் வளைவில் இருந்து கோபுரத்துக்கு ஏறுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அப்போது மணி அடித்தது.

கதவைத் திறந்தால் பிலோமினா அக்கா. பின்னால் செபமாலைக் கூட்டம் முழுவதும், சீலை உடுத்தி, மெழுகுதிரி பிடித்து.

"எங்கை தம்பி சுரூபம்?"

"அக்கா, இண்டைக்கு வேண்டாம்" என்பதற்குள் செருப்புகள் வாசலில் கிடந்தன, பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். சேர் வால்டரின் கழுத்தில் மல்லிகை மாலை விழுந்தது. ஒருத்தி நாயையும் தொட்டு முத்தினாள். பாட்டு தொடங்கியது. தூங்கியவர்கள் விழித்து, நிகழ்ச்சியில் இதுவும் ஒன்றாக்கும் என்று கை தட்டினார்கள். புரொபசோரே மட்டும் தட்டவில்லை.

"இங்கே என்ன நடக்கிறது?"

"உங்கள் புனிதரைக் கும்பிட வந்திருக்கிறார்கள்" என்றேன்.

"இவர் புனிதர் இல்லை" என்றார். வாத்தியார் புத்தி விடுமா, மீதியையும் விளக்கினார். சேர் வால்டர் அந்த ஊர்ப் பிரபு. குடியானவர்களைக் கலைத்துவிட்டு அவர்கள் நிலத்தில் ஆடு மேய்த்துப் பணக்காரன் ஆனவர். பிறகு நரகப் பயத்தில் கோயிலோடு ஒரு சிற்றாலயம் கட்டி, தன் ஆத்துமத்துக்காக உலகம் முடியும்வரை பூசை நடக்க நிலமும் எழுதி வைத்தார். மதம் மாறியபோது அந்தப் பூசையும் நின்றது. புனிதர்களின் சுரூபங்களை எல்லாம் உடைத்தவர்கள் இவரைத் தொடவில்லை.

"ஏனென்றால், இவரை ஒருவரும் கும்பிடவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை."

நான் தமிழில் சொன்னேன். பாட்டு நின்றது. பிலோமினா அக்கா மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டா.

"காணி பிடிக்கிற ஆக்களை ஊரிலை பார்த்தது காணாதெண்டு, இஞ்சை வந்து மாலை வேறை போடவேணுமோ? மூப்பற்றை மோன் எண்டு நம்பி வந்தன் பார்."

மாலை இருந்த இடத்தைக் குனிந்து பார்த்த புரொபசோரே, பாதம்வரை விரலால் தடவி மணந்து பார்த்தார். பாதமும் நாயும் மஞ்சளாக ஊறியிருந்தன. கடற்காற்றின் ஈரம் என்று நினைத்து மனிதர் அதுவரை அந்தச் சுரூபத்தைச் சுவருக்குச் சுவர் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"இது ஈரம் இல்லையா?"

"இல்லை புரொபசோரே. தேங்காய் எண்ணெய்."

நாளைக்கு வா என்று மட்டும் சொன்னார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என் பெருமைக்கு நான் படுவது சரி. றெஜினா ஏன் படவேண்டும் என்று நினைக்க அழுகை வந்தது.

மறுநாள் அவர் கொன்றாத்தோவை மேசையில் வைத்திருந்தார். "சாந்து குடித்த எண்ணெயை எடுக்க வருடக்கணக்காகுமாம். வேறு ஆளை வைத்தால் அவனுக்கும் சேர்த்து விளக்கம் சொல்ல வேண்டும். செய்தவனே துடை" என்று கையெழுத்து வைத்தார்.

றெஜினா வந்து சேர்ந்தாள். பிலோமினா அக்கா அவளுக்குக் கதையைச் சொல்லி முடிக்கும்போது வீட்டில் எல்லாரும் உருண்டு சிரித்தார்கள். றெஜினா சிரிக்கவில்லை.

"நேர்ந்தனீங்களோ இல்லையோ?"

"நேர்ந்தனான். ஆனா அவன் கள்ளனப்பா."

"கள்ளனெண்டாலும் சொன்ன வேலையைச் செய்து தந்தவன்தானே."

பாதரிடம் போனோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவற்றை பேரிலை பூசை வைக்க ஏலாது. செத்த ஆத்துமம் எண்டு அவருக்காக வைக்கலாம். கேட்டளவிலை அவருக்கு அது நல்லாத் தேவைப்படும்" என்றார்.

அன்று தொடக்கம் ஒவ்வொரு நவம்பரும் இறந்தவர்களின் பூசையில் பாதர் பெயர்களை வாசிக்கிறார். சவிரிமுத்து, அந்தோனிப்பிள்ளை, மரியம்மா, சேர் வால்டர். இங்கிலாந்து ராசா நிறுத்திய பூசையை நாங்கள் பலெர்மோவில் நடத்திக்கொண்டிருக்கிறோம். செபமாலைக் கூட்டம் அந்தப் பெயர் வரும்போது மட்டும் வாயைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொள்ளும்.

போன வருடம் எங்கள் சின்னவள் பூசை நடுவில், கோயில் முழுக்கக் கேட்கக் கேட்டாள்.

"அம்மா, சேர் வால்டர் எங்களுக்கு ஆரு?"

றெஜினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா பக்கத்துச் சொந்தம், பிள்ளை."